சலோமிக்கு மணல்

வாழைத்தாருக்குள் பாம்பு இருக்கிறது என்று யாரோ கத்தியதும், கௌஸ் முகைதீன் கடையில் நின்றவர்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். உள்ளே போனவள் அன்னபாக்கியம் ஒருத்திதான்.

அவள் அப்படித்தான். அல் ஐன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, நாகர்கோவிலில் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் அமீரகத்துக்கு வந்தவள். இத்தனை வருடத்தில் கணக்கில்லாத குழந்தைகளைக் கையில் ஏந்திவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு பிரசவத்திலும், உலகத்தில் இப்போதுதான் முதன்முதலாக ஒரு பிள்ளை பிறக்கிறது என்பதுபோல வார்டே அதிரச் சத்தம் போடுவாள். பாக்கியம் சிஸ்டர் டியூட்டியில் இருந்தால் தாய்க்குப் பார்க்குமுன் அவளுக்குத்தான் பிரஷர் பார்க்க வேண்டும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஜூலை மாதம். ஓமான் நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கும் சலாலாவிலிருந்து லாரியில் வந்த வாழைத்தார்கள் கடைக்குள் சாத்தியிருந்தன. காயல்பட்டினத்துக்காரரான கௌஸ் முகைதீன் நீளத் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, ஒரு தாரைப் பார்த்தபடி நின்றார்.

"சிஸ்டர், கிட்டப் போவாதிய. அது மூச்சு பட்டாலே விஷம்."

அன்னபாக்கியம் குனிந்து பார்த்தாள். இரண்டு சீப்புகளுக்கு நடுவே இலையைச் சுருட்டி வைத்ததுபோல ஒரு பச்சோந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கண் துடைப்பத்தைப் பார்த்தது. மற்றக் கண் தனியாகத் திரும்பி இவளைப் பார்த்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஊரில் வேலி ஓணானைத்தான் அவள் பச்சோந்தி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இது வேறு பிறவி. கயிறு உரசி விலாப்பக்கம் தோல் வழன்றிருந்தது. அவள் ஒரு விரலை நீட்டினாள். அது முதலில் உடம்பை உப்பிக்கொண்டு சீறியது. பிறகு, போக வேறு இடம் இல்லாததாலோ என்னவோ, இடுக்கி மாதிரிப் பிரிந்த முன்னங்காலை எடுத்து அவள் விரல்மேல் வைத்து இறுக்கிப் பிடித்தது. பிறந்த பிள்ளை விரலைப் பற்றும் பிடி அது. அந்தப் பிடியை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

"அடிக்காதிய அண்ணே. நான் கொண்டு போறேன்," என்றாள்.

தக்காளி அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதில் வைத்துக்கொண்டு, டாக்சியில் வீடு போகும் வழியிலேயே கணவனுக்கு மூன்று முறை போன் செய்துவிட்டாள். கணவன் ஜான் பீட்டர், ஏசி மெக்கானிக். அவள் கொட்டும் மழையென்றால் அவன் சொட்டும் குழாய். ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில், கொதிக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி என்று மட்டும் சொன்னான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் ஹால் வாசலிலேயே நின்றுவிட்டான். ஜன்னல் திரையின் உச்சியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"இத எங்க வைக்கப் போற?"

"நம்ம கூடத்தான். சலாலாக்காரியாக்கும். அதனால சலோமின்னு பேரு வச்சிருக்கேன்."

ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே அவள் வைத்த பெயர் அது. ஜான் பீட்டர் படியிறங்கிப் போனான். ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடமிருந்து பழைய மீன்தொட்டி ஒன்றை வாங்கித் தோளில் சுமந்து வந்தான்.

முதல் வாரம் வீடு திருவிழாவாகத்தான் இருந்தது. கண்ணாடித் தொட்டியில் கிளைகளை வைத்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வெயில் பட வேண்டும் என்று அதை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தாள் அன்னபாக்கியம். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலில் கண்டவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்தவர்கள் தொட்டியைத் தட்டினார்கள், கேமராவில் பளிச் பளிச் என்று படமெடுத்தார்கள், சிவப்புத் துணியை வைத்தால் சிவப்பாகுமா என்று சோதித்தார்கள். சலோமி சிவப்பாகவில்லை. கறுத்தது. கறுத்துப்போய் மூலையில் சுருண்டு கிடந்தது. ஜான் பீட்டர் அருவருப்பை அடக்கிக்கொண்டு பிடித்துப் போட்ட கரப்பானை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. கண்ணுருண்டைகள் உள்ளே போய்க் குழிந்தன.

குழிந்த கண் என்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று நர்சுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கையில் ஏன் வற்றுகிறது? அவளுக்குப் புரியவில்லை. கவலை வந்தாலும் அவளுக்கு வேகம்தான் கூடும். யார் யாரிடமோ கேட்டு, ஊருக்கு வெளியே ஒட்டகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரைக் கண்டுபிடித்தாள். ஜான் பீட்டர் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, தன் பழைய கொரொல்லா காரில் அவளையும் அட்டைப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனான்.

டாக்டர் இத்ரீஸ் சூடான்காரர். நெடிய உருவம், பருத்த குரல். கிளினிக் முற்றத்தில் முட்டுக்கால் கட்டிப் படுத்திருந்த ஒட்டகத்துக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தவர், பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, ஹிர்பா என்று அரபியில் அதன் பெயரைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். வாலின் அடிப்பகுதியைப் பார்த்துப் பெண் என்றார். தப்பாமல் பெயர் வைத்துவிட்டோம் என்று அன்னபாக்கியத்துக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம்.

பச்சோந்திக்குக் கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்றே தெரியாது என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். இலையில் உருளும் துளியைத்தான் அது நக்கிக் குடிக்கும். கண்ணாடித் தொட்டியில் காற்று ஓடாது, வலைக் கூண்டு வேண்டும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. அது படாவிட்டால் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராமல் கால் வளைந்துபோகும். பிறந்த பிள்ளைகளை இளவெயிலில் காட்டுங்கள் என்று தாய்மாருக்குத் தினமும் சொல்பவள் அன்னபாக்கியம். தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். வீட்டுக் கரப்பான் கூடவே கூடாது, அது மருந்து அடித்த இடத்தில் ஊர்ந்து வந்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். விலாக் காயத்துக்குக் களிம்பு தந்தார். கடைசியாக, வீட்டுக்கு யார் யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டார். அவள் உற்சாகமாக அடுக்கத் தொடங்கினாள். அவர் கையமர்த்தி, இனி யாரும் வரக் கூடாது என்றார். இது கொஞ்சுவதற்கு உள்ள பிராணி இல்லை. தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும், தொட்டுத் தூக்கினால் பயத்திலேயே நோய் பிடிக்கும்.

அந்த வாரம் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓடியாடியதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு வரும். கொசுவலை அடிக்கும் அலுமினியச் சட்டங்களை வெட்டி, ஆள் இடுப்பளவு உயரத்துக்கு ஜான் பீட்டர் ஒரு கூண்டு செய்தான். உள்ளே தொட்டியோடு ஒரு செம்பருத்திச் செடி, ஒரு மணி பிளான்ட். அன்னபாக்கியம் மருந்துக்கடையில் சலைன் ஏற்றும் டியூப் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து, தண்ணீர் நிரம்பிய பாட்டிலில் மாட்டிக் கூண்டின் மேலே தொங்கவிட்டாள். டியூபில் இருந்த சிறு சக்கரத்தைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இலைமேல் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தாள். ஆஸ்பத்திரியில் ஆயிரம் முறை செய்த வேலைதான். ஆனால் முதல் சொட்டு செம்பருத்தி இலையில் உருண்டபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சலோமியின் ஒரு கண் திரும்பியது. மற்றக் கண்ணும் திரும்பியது. கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து இலையை நக்கியது. பிறகு நிறுத்தவேயில்லை.

"கேட்டியளா, குடிக்கிது. ஓடி வாருங்க," என்று கூப்பிட வாயெடுத்தவள், அது பயந்துவிடும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, சமையலறைக்குள் ஓடிப்போய் அங்கே நின்று அவனைக் கூப்பிட்டாள்.

ஏசி விஷயம் ஜான் பீட்டரின் பாடு. இரவும் பகலும் குளிர்காற்று கூண்டுமேல் அடித்தால் சளி பிடித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் ஏணி போட்டு ஏறி, காற்று வரும் தகடுகளைத் திருப்பி, கூண்டுப் பக்கம் நேராக வீசாதபடி செய்தான். கூண்டின் ஒரு மூலையில் மட்டும் சின்ன பல்பு வைத்து ஒரு கிளையைச் சூடாக்கினான். வேண்டுமென்றால் அது சூட்டுக்கு வரும், வேண்டாமென்றால் நிழலுக்குப் போகும். இந்த ஊரில் பெரிய பெரிய மால்களுக்குக் குளிர் வைத்தவன், ஒரு கிளைக்குச் சூடு வைத்துவிட்டு இறங்கியபோது முகத்தில் தெரிந்த நிறைவை அன்னபாக்கியம் அதற்குமுன் பார்த்ததில்லை. விடிந்தும் விடியாத வேளையில், அனல் கிளம்பும் முன்னால், பாதி நிழலும் பாதி வெயிலுமாகக் கூண்டைப் பால்கனியில் வைப்பதும் அவன் வேலையாயிற்று.

சாப்பாட்டுக்குப் பறவைகள் விற்கும் கடையிலிருந்து சுவர்க்கோழிப் பூச்சிகளை டப்பாவில் வாங்கி வந்தார்கள். அவற்றுக்கு கேரட்டும் கீரையும் போட்டு வளர்த்து, கால்சியம் பவுடரில் புரட்டி எடுத்துத்தான் சலோமிக்குக் கொடுக்க வேண்டும். ஒருநாள் டப்பா மூடி சரியாக மூடாமல் பாதிப் பூச்சிகள் வீடு முழுக்கப் பரவி, சோபாவுக்கு அடியிலிருந்தும் அடுப்புக்குப் பின்னாலிருந்தும் பாடத் தொடங்கின. பக்கத்து ஃபிளாட்காரர் வந்து, எதற்கு டிவியில் எந்நேரமும் காட்டு விலங்குச் சேனலையே போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சலோமி முதன்முதலாக நாக்கை வீசிய நாளை அன்னபாக்கியம் வார்டில் எல்லாருக்கும் நடித்தே காட்டினாள். பூச்சி ஒரு முழத் தூரத்தில் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சலோமி கண்ணிரண்டையும் முன்னால் குவித்து, உடம்பை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்து, வாயை லேசாகத் திறந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. வலையில் பூச்சி இல்லை, வாயில் இரண்டு கால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. இடையில் நடந்ததைக் கண் பிடிக்கவே இல்லை. காயம் ஆறி, நிறம் தெளிந்து, வெயிலில் நிற்கும்போது உடம்பு இளம்பச்சையும் மஞ்சளுமாக மின்னத் தொடங்கியது.

ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் தலைகீழானது.

சலோமி சாப்பாட்டை நிறுத்தியது. கிளையில் நிற்காமல் கீழே இறங்கி, கூண்டின் தரையில் மூலைக்கு மூலை நடந்தது. தரைத் தகட்டை நகத்தால் பிறாண்டியது. உடம்பு கறுத்து, அதில் மஞ்சள் புள்ளிகள் எழும்பின. வயிறு பெருத்திருந்தது. அது நன்றாகத் தின்பதால் வந்த கொழுப்பு என்றுதான் அன்னபாக்கியம் இதுவரை நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை செம்பருத்தியில் பாதி ஏறி, பிடி நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டது.

பகலில் கண்ணை மூடினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அன்று ஒட்டகங்களைப் பார்க்க வேறு எமிரேட்டுக்குப் போயிருந்தார். போனில் பிடித்தாள். அவர் அவசரப்படாமல் கேள்வி கேட்டார். பிறாண்டுகிறதா? தரையில் அலைகிறதா? வயிற்றில் விரல் வைத்து மெதுவாகப் பார், கோலிகுண்டு மாதிரித் தட்டுப்படுகிறதா?

அவள் கையை உள்ளே விட்டு, விரல் நுனியால் வயிற்றைத் தொட்டாள். அடுத்த கணம் அவள் முகம் மாறியது.

"முட்ட," என்றாள் ஜான் பீட்டரைப் பார்த்து. "நிறைமாசமாக்கும். பிரசவ வார்டு நர்சு வீட்டுல ஒருத்தி நிறைமாசமா நிக்கா, நான் கொழுப்புன்னு நெனச்சிருக்கேன்."

டாக்டர் சொன்னது சுருக்கமாக இதுதான். பச்சோந்திக்கு மண்ணுக்குள் குழி தோண்டித்தான் முட்டையிட வரும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அடக்கினால் செத்துப்போகும். ஈர மணல் வேண்டும், முழங்கை ஆழத்துக்கு வேண்டும், இன்றைக்கே வேண்டும்.

அது வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம். கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. ஜான் பீட்டர் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு சமையலறைக்குப் போய், அரிசி வைத்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் டிரம்மைத் தூக்கிவந்து, படுக்கையறையில் கட்டில்மேல் விரிப்பை விரித்து, அவ்வளவு அரிசியையும் அதன்மேல் கொட்டினான். பதினைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவளிடம் கேட்காமல் அவள் சமையல் சாமானில் அவன் கை வைத்தது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

இருவரும் காரில் ஏறினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் சிவப்பு மணல்மேடுகள். உச்சி வெயிலில் அந்தச் சாலையில் வேறு ஒரு ஜீவன் இல்லை. ஜான் பீட்டர் செருப்போடு மணலில் இறங்கி, கால் சுட்டதும் ஒரு துள்ளுத் துள்ளி, மேல்மணலைத் தள்ளிவிட்டு உள்மணலை வாரினான். அன்னபாக்கியம் மேட்டில் ஏறப்போய்ச் சறுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே கீழே வந்து சேர்ந்தாள். சலோமி சாகக் கிடக்கிறதே என்ற பதைப்புக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. அவனும் சிரித்தான். முகமெல்லாம் சிவப்பு மண் அப்பிக்கொண்டு இருவரும் டிரம்மைத் தூக்கி டிக்கியில் வைத்தார்கள்.

வீட்டில் வந்து பார்த்தால் புதுச் சிக்கல். அந்த மணல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இதில் தோண்டினால் குழி இடிந்து விழுந்துவிடும். அன்னபாக்கியம் பால்கனியில் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அந்த மண்ணை மணலோடு கலந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைந்தாள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் வரக் கூடாது. சூடு ஆறும்வரை காத்திருந்து, டிரம்மில் அமுக்கி நிரப்பி, நடுவில் விரலால் ஒரு சிறு குழி தொடங்கி வைத்து, சலோமியை அதன்மேல் விட்டாள். டிரம்மைச் சுற்றி நாற்காலிகளை வைத்துப் போர்வையால் மறைத்தான் ஜான் பீட்டர்.

அதற்குமேல் செய்ய வேண்டியதுதான் அவளுக்கு முடியாத காரியம். பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அது தோண்டுவதை நிறுத்திவிடும். மறுபடி தொடங்காமலே போகலாம். எத்தனையோ பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தடவிக்கொண்டு, காதருகே பேசிக்கொண்டே பிள்ளை பெற வைத்தவள், போர்வைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. செத்துவிட்டதோ? போர்வை ஓரத்தை விலக்க இரண்டு முறை கை போனது. இரண்டு முறையும் ஜான் பீட்டர் அவள் கையைப் பிடித்துக் கீழே வைத்தான்.

அப்போது உள்ளே மெல்ல ஒரு சரசரப்பு. மண் சிதறும் சத்தம். நிற்கும். மறுபடி சரசரக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவளுக்கு ஈவ்னிங் டியூட்டி. போகாமல் தீராது. ஜான் பீட்டர் போர்வைக்குச் சற்றுத் தள்ளி, டிவியையும் போடாமல், வாசலில் காவலாளி போல உட்கார்ந்துகொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் அவள் போன் செய்தாள். ஒவ்வொரு முறையும் அவன் குசுகுசுத்த குரலில் ஒரே வார்த்தை சொன்னான்.

"தோண்டுது."

அன்று வார்டில் மூன்று பிரசவம். பாக்கியம் சிஸ்டர் இன்று சத்தமே போடவில்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் போர்வையை விலக்கினார்கள். டிரம்மில் மண் மட்டமாக, கையால் தட்டிச் சமப்படுத்தியதுபோல இருந்தது. சலோமி டிரம் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. வயிறு ஒட்டிப்போய், தோல் சுருங்கி, மூக்கு நுனி வரைக்கும் மண். கண் இரண்டும் திறந்திருந்தன. அன்னபாக்கியம் கூண்டுக்குள் செம்பருத்திக் கிளையில் அதை ஏற்றிவிட்டு, சலைன் சக்கரத்தைத் திருகினாள். சொட்டு விழுந்தது. சலோமி குடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கணவனின் அழுக்குச் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

முட்டைகளை ஸ்பூனால் ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்தது பெரிய வைபவம். பெப்பர்மின்ட் மிட்டாய் அளவில், வெள்ளை வெளேரென்று, மெத்தென்ற ஓடு. மேல்புறம் கீழாகத் திரும்பிவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் புள்ளி வைத்தாள். ஊர் திரும்பிய டாக்டர் தந்த, ஈரம் காக்கும் பொடியை பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, அதில் வரிசையாகப் பதித்து, சமையலறை அலமாரியில் கதகதப்பாக வைத்தாள். இவற்றில் கரு இருக்குமா என்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். ஆண் துணை இல்லாமலேயே பச்சோந்தி வெறும் முட்டை இடும். காட்டிலேயே சேர்ந்துவிட்டு வந்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. காத்திருந்துதான் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில்.

சலோமி தேறுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. கால்சியமும் தண்ணீரும் இளவெயிலும் கொடுத்துக் கொடுத்துத்தான் பழைய பச்சை திரும்பியது. அலமாரியில் சில முட்டைகள் மஞ்சளடித்துச் சுருங்கின. பூஞ்சை பிடித்தவற்றை அவள் எடுத்துப் போட்டாள். ஆனால் மீதி முட்டைகள் குளிர்காலம் வந்தபோது முன்னைவிடப் பெருத்திருந்தன. அதைக் கவனித்துச் சொன்னது ஜான் பீட்டர்தான். வேலைக்குக் கிளம்புமுன் டார்ச் அடித்து டப்பாவைப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அந்த வருடம் ஊருக்குப் போகும் லீவை இருவரும் பேசி வைத்ததுபோலத் தள்ளிப் போட்டார்கள்.

பிப்ரவரி முடியும் நேரம். முட்டைகளின்மேல் பனி பூத்ததுபோல நீர்த்துளிகள் வந்திருப்பதைக் காலையில் அன்னபாக்கியம் பார்த்தாள். டாக்டர் இத்ரீஸுக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். வியர்க்கிறதா என்று கேட்ட அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. பொரியப் போகிறது, வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

அவர் வந்து சேர்ந்தபோது முதல் ஓடு நட்சத்திரம் போலக் கீறியிருந்தது. கீறலுக்குள்ளே ஒரு மூக்கு. தன் இத்தனை வருட சர்வீஸில் ஒட்டகக் கன்றுகள் எத்தனையோ பிறக்கப் பார்த்திருக்கிறேன், ஆனால் இதைப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே அந்த நெடிய மனிதர் சமையலறைத் தரையில் மண்டியிட்டார். அன்னபாக்கியம் ஒரு பக்கம் குந்தினாள். ஜான் பீட்டர் டார்ச்சைப் பிடித்தான். அடுப்பில் டாக்டருக்காக வைத்த டீ பொங்கி வழிந்து தீயை அணைத்ததை மூவருமே கவனிக்கவில்லை.

மூக்கு வெளியே வந்தது. பிறகு தலை, பிறகு ஒரு கால். ஓய்ந்துபோய்ச் சற்று நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரே உந்தில் முழு உடம்பும் வெளியே விழுந்தது. அரை விரல் நீளம்கூட இல்லை. ஆனால் வாலைச் சுருட்டி, காலைப் பிரித்து, கண்களை ஆளுக்கொரு திசையில் உருட்டி, முழுப் பச்சோந்தியாகவே எழுந்து நின்றது. பக்கத்தில் இன்னொரு ஓடு கீறியது. அதற்கடுத்து இன்னொன்று.

அன்று மாலைக்குள் பதினொன்று பிறந்தன. முதல் வாரத்தில் இரண்டு செத்துப்போயின. மற்றவற்றுக்காக கௌஸ் முகைதீன் கடையில் கனிந்து அழுகும் பழத்தையெல்லாம் வாங்கி வந்து, ஜாடிகளில் போட்டுப் பழ ஈ வளர்த்தார்கள். ஈ வளர்க்க டாக்டர் சொல்லித்தர, வலை கட்ட ஜான் பீட்டர், வேளாவேளைக்கு ஊட்ட அன்னபாக்கியம். கொஞ்சம் வளர்ந்தபின் ஆறு குட்டிகளை டாக்டர் தன் கிளினிக்கில் கூண்டு கட்டி வைத்துக்கொண்டார். மூன்று வீட்டிலேயே தங்கின.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில், முதல் குட்டி ஓட்டிலிருந்து எழுந்து நின்றபோது, ஜான் பீட்டர்தான் டப்பாவுக்குள் விரலை நீட்டினான். அது யோசித்து யோசித்து ஒரு காலை எடுத்து வைத்து அவன் நகத்தின்மேல் ஏறி நின்றது. அவன் ஆடாமல் அசையாமல், மூச்சுக்கூடச் சரியாக விடாமல் இருந்தான்.

"பாக்கியம்," என்றான் மெதுவாக. "இது நெறம் மாறுது பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். டாக்டரும் குனிந்தார். மண் நிறத்தில் இருந்த அந்தத் துளி உடம்பில், முதுகோரமாக, பச்சை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.